எதை நெய்வது என்று முடிவு செய்வது யார்?

வெம்பாக்கத்தில் என் அக்கா மகன் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். சென்ற வாரம் போனில் கேட்டான்: “மாமா, புராடக்ட் மேனேஜர், புரோகிராம் மேனேஜர்னு ரெண்டு வேலை போட்டிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

ஐடி நிறுவனங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கே இந்த வேறுபாடு தாமதமாகத்தான் புரிந்தது. நம் வீடுகளில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் தறியை வைத்தே சொன்னேன்.

“உன் தாத்தா கூலிக்குப் பட்டு நெய்தார். இந்த முகூர்த்தத்துக்கு என்ன நிறம், என்ன பார்டர், என்ன விலை என்று முடிவு செய்தது ஆரணி முதலாளி. சரிகை போதுமா, எந்தத் தறியில் வேலை தேங்கி நிற்கிறது என்று வீடு வீடாக வந்து பார்த்து, சேலைகளை நாளுக்குள் சேர்த்தவர் இன்னொருவர். எதை, யாருக்காக, ஏன் செய்வது என்று தீர்மானிப்பவர் புராடக்ட் மேனேஜர். பல குழுக்களின் வேலையை ஒருங்கிணைத்து, சிக்கலை முன்பே கண்டு, குறித்த நாளில் முடிக்க வைப்பவர் புரோகிராம் மேனேஜர். பெயரை மட்டும் நம்பாதே. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் புராடக்ட் வேலைக்கே புரோகிராம் மேனேஜர் என்றுதான் பெயர். என்ன பொறுப்பு என்று படித்துப் பார்.”

இரண்டுமே திறமை கேட்கும் வேலைகள். ஆனால் அதிகாரத்துக்குப் போகும் ஏணி பெரும்பாலும் முதல் வேலையில்தான் தொடங்குகிறது. 2004இல் கூகுளில் புராடக்ட் பிரிவில் சேர்ந்த சுந்தர் பிச்சை 2015இல் அதன் தலைவரானார்.

அந்த ஏணியில் ஏற நானும் முயன்றேன். “நீங்கள் வேலையை முடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். ஆனால் புராடக்ட் சென்ஸ் போதாது” என்றார்கள். அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அளவுகோல் எழுதப்படாத இடத்தில் பேச்சு, பழக்கம், படித்த கல்லூரி, பரிந்துரைக்கும் நண்பர் ஆகியவையே அளவுகோலாகின்றன. இவை யாரிடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை.

அங்கெல்லாம் சாதி இல்லை என்பார்கள். 2022 ஏப்ரலில் கூகுள் நியூஸ் பிரிவில் தேன்மொழி சௌந்தரராசன் சாதி குறித்துப் பேசவிருந்த நிகழ்ச்சி, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்புக்குப் பின் ரத்தானது. அவரை அழைத்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டார். இல்லாத ஒன்றைப் பற்றிய பேச்சுக்கு ஏன் இத்தனை பதற்றம்?

மாற்றம் முடியாததல்ல. ஆப்பிள் 2020இல் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லியே தடை செய்தது. அதை நம் ஊர் நிறுவனங்களும் செய்யட்டும். கூடவே, பதவி உயர்வின் அளவுகோலை எழுதி, மதிப்பெண்ணோடு காட்டட்டும்.

“அப்போ நான் எதுக்கு அப்ளை பண்ணட்டும் மாமா?” என்றான்.

“உனக்குப் பிடிச்சதுக்குப் போடு. ஆனா எதை நெய்யணும்னு முடிவு பண்ற வேலை நமக்கில்லைன்னு மட்டும் நினைச்சுடாத.”