கையெழுத்து சுத்தம் ஆகாது

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பினாயில் நெடி மூக்கில் ஏறினால் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. தரை மின்னுகிறது. கழிப்பறைக் கதவில் தொங்கும் தாளில் மணிக்கொரு கையெழுத்து இருக்கிறது. இவை போதும் என்று நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கையைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் பிலிப் கார்லிங்கும் அவருடைய குழுவினரும் 23 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் திரவத்தால், நோயாளி அறையில் அடிக்கடி கைபடும் இடங்களில் பொட்டு வைத்தார்கள். துணியால் துடைத்தால் எளிதில் அழிந்துவிடும் பொட்டு அது. அறை சுத்தம் செய்யப்பட்ட பின் விளக்கடித்துப் பார்த்தபோது, துடைக்கப்பட வேண்டிய இடங்களில் சராசரியாக 49 விழுக்காடுதான் துடைக்கப்பட்டிருந்தன. கைகழுவும் தொட்டியும் கழிப்பறை இருக்கையும் ஒப்பீட்டளவில் நன்றாகவே துடைக்கப்பட்டிருந்தன. ஆனால் கதவுக் குமிழ், விளக்குப் பொத்தான், கழிப்பறைக் கைப்பிடி ஆகியவற்றின் சராசரி 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

மனம் அருவருக்கும் இடத்தைத் துடைக்கிறோம். கை தொடும் இடத்தை மறந்துவிடுகிறோம். கிருமிக்கோ அருவருப்பு கிடையாது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்க வல்லது. அடுத்து அந்தக் கட்டிலுக்கு வருபவர் நம் தாயாராக இருக்கலாம்.

உடனே சிலர் துப்புரவுப் பணியாளரின் சோம்பலே காரணம் என்பார்கள். இதை நாம் மறுக்கிறோம். 36 மருத்துவமனைகளில் நடந்த மற்றோர் ஆய்வில், எந்தெந்த இடத்தைத் துடைக்க வேண்டும் என்று கற்பித்து, சோதனை முடிவுகளையும் பணியாளருக்குத் தெரிவித்தபோது, 48 விழுக்காடு 77 ஆக உயர்ந்தது. பெருஞ்செலவு ஏதும் ஆகவில்லை. அதுவரை அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காதவர்கள் யார் என்பதல்லவா கேள்வி?

பொட்டு அழிந்தால் கிருமி மடிந்தது என்று பொருளில்லை. துணி அங்கே சென்றது என்பது மட்டுமே தெரியும். அந்தச் சிறு உண்மையைக்கூட அறிய முற்படாத நிர்வாகங்கள் கையெழுத்துத் தாளைக் காட்டி நம்மை அனுப்பிவிடுகின்றன. சோதனை நடக்கட்டும், முன்னறிவிப்பின்றி நடக்கட்டும். ஆனால் அது கூலியைப் பிடிப்பதற்கான கருவியாகிவிடக் கூடாது. அபராதம் விதித்தால் அடுத்த மாதம் பொட்டு வைத்த இடம் மட்டுமே துடைக்கப்படும். முடிவு முதலில் பணியாளருக்கும் அடுத்து நோயாளிக்கும் தெரியட்டும். தெரிவிக்க மறுக்கும் மருத்துவமனை எதை மறைக்கிறது என்று கேட்கும் உரிமை, கட்டிலில் படுத்திருப்பவருக்கு உண்டு.