சாவி யார் கையில்?

ஆலையின் கூரையிலும் சுவரிலும் சுழன்றுகொண்டிருக்கும் காற்றோட்ட விசிறியை உற்பத்திக் கருவியாக எந்த நிர்வாகமும் கருதுவதில்லை. அது நூல் நூற்பதில்லை, இரும்பை வார்ப்பதில்லை. தூசியையும் புகையையும் நச்சு ஆவியையும் தொழிலாளியின் மூக்கருகிலிருந்து இழுத்து வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. எனவே செலவைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நிர்வாகத்தின் கண் முதலில் இதன்மீதே விழுகிறது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இந்தக் கணக்கை அறியாத ஆலை மேலாளர் இல்லை. ஆனால் குழாயில் காற்றின் வேகம் தளர்ந்தால் தூசி வழியிலேயே படிந்து குழாயை அடைக்கும் என்பதும், அடைபட்ட குழாயின் மறுமுனையில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

பழுது எப்படித் தொடங்குகிறது என்பதைத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். விசிறிச் சக்கரத்தின் இதழ்களில் தூசி ஒரே சீராகப் படிவதில்லை. ஒருபுறம் எடை கூடுகிறது, சக்கரம் அதிர்கிறது, பேரிங் சூடேறுகிறது, பெல்ட் தளர்கிறது. ஒலி மாறிவிட்டதை முதலில் கேட்பவர் அருகில் நின்று வேலை செய்பவரே. அவர் சொன்னதும் நிறுத்திப் பார்த்திருந்தால் துடைப்பதோடும் கிரீஸ் இடுவதோடும் முடிந்திருக்கும். ‘இந்த ஷிப்டு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டால் பேரிங் இறுகுகிறது. சில வேளைகளில் சக்கரமே உடைந்து சிதறுகிறது.

இதைவிட நுட்பமான தவறு ஒன்றும் உண்டு. எரிந்துபோன மோட்டாருக்கு வைண்டிங் செய்து திரும்பப் பொருத்தும்போது மும்முனை மின்சாரத்தின் இரு கம்பிகள் இடம் மாறிவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். சுவரில் பதிக்கும் சாதாரண விசிறியாயின் காற்று உள்நோக்கி வீசுவதால் உடனே தெரிந்துவிடும். தூசி உறிஞ்சப் பயன்படும் உருளைக்கூட்டு விசிறியிலோ, சக்கரம் தலைகீழாகச் சுழன்றாலும் காற்று அதே வழியில்தான் செல்லும். அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டார் ஓடுகிறது, ஒலி கேட்கிறது, பதிவேட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதப்படுகிறது. மாதக்கணக்கில் எவரும் கவனிப்பதில்லை. அம்புக்குறியோடு ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதும், காற்றின் வேகத்தை ஒரு சிறு கருவியால் அளப்பதுமே இதற்கு வேண்டியவை.

பழுது பார்க்கச் செல்பவரின் நிலை என்ன? ஸ்விட்சை அணைத்ததும் விசிறி நின்றுவிடுவதில்லை. கனத்த சக்கரம் தன் வேகத்திலேயே பல நிமிடங்கள் சுழலும். அது நின்ற பிறகும், அதே குழாயோடு இணைந்த மற்றொரு விசிறியின் காற்றோ புகைபோக்கியின் இழுப்போ அதை மெல்லச் சுழற்றிவிடக்கூடும். சக்கரத்தைக் கட்டையிட்டுத் தடுத்த பிறகே கை உள்ளே செல்ல வேண்டும். அதனினும் கொடிய ஆபத்து ஸ்விட்சில் இருக்கிறது. கூரைமேல் ஒருவர் கூட்டுக்குள் தலையை நுழைத்திருக்கிறார். ஸ்டார்ட்டர் கீழே எங்கோ ஓர் அறையில் இருக்கிறது. அவ்வழியே வந்த மேற்பார்வையாளர் ‘விசிறி ஏன் ஓடவில்லை’ என்று பொத்தானை அழுத்துகிறார். இதைத் தடுக்க வேண்டியது ஓர் எளிய பூட்டு. மின்னிணைப்பைத் துண்டித்து, துண்டித்த இடத்தில் பூட்டிட்டு, உள்ளே செல்பவர் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் சென்றால் இரு பூட்டுகள். அதன் பிறகும் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதையெல்லாம் அறியாதிருக்கவில்லை. தூசி எழும் இடத்துக்கு மிக அருகிலேயே அதை உறிஞ்சும் சாதனம் வேண்டும் என்றது 14ஆம் பிரிவு. ஓடும் எந்திரத்தருகே யார் வேலை செய்யலாம் என்பதை 22ஆம் பிரிவு வரையறுத்தது. தவறுதலாக ‘ஆன்’ நிலைக்கு மாறக்கூடிய மின்துண்டிப்புச் சாதனத்தைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்றது 24ஆம் பிரிவு. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அப்பிரிவு சொல்லவில்லை. பழைய சட்டம் குறையற்றது என்று எவரும் வாதிடவில்லை.

ஆனால் அதன் இடத்தில் வந்திருப்பது என்ன? 13 சட்டங்களை விழுங்கிய, 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பழைய சட்டத்தில் நாடாளுமன்றம் வாசகமாகவே எழுதிவைத்திருந்த மேற்கண்ட கடமைகள் இதில் ஓர் அட்டவணையின் தலைப்புகளாகச் சுருங்கிவிட்டன. உள்ளடக்கத்தை அரசாணையே நிரப்பும், அரசாணையே மாற்றும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரையறை 20 பேராக உயர்த்தப்பட்டுவிட்டது. தூசி மிகுந்த சிறு பட்டறைகளில் எத்தனையோ இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆய்வாளர் இனி ‘ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்’. மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று சொல்லிவிட்டு, இடைவிட்டு நிகழும் பணியாயின் அது மையப் பணியாகவே இருந்தாலும் கூடும் என்று விலக்கும் அளித்திருக்கிறார்கள். பழுதுபார்ப்பு இடைவிட்டுத்தானே நிகழும்! அந்த ஆலையின் எந்த ஸ்விட்ச் எந்த விசிறிக்குரியது என்பதே தெரியாத, நேற்று வந்த ஒப்பந்த ஃபிட்டர் கூரைமேல் ஏறுகிறார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் விசிறிக்கு வேறு மரியாதை இருக்கிறது. முதன்மை விசிறி தரைக்கு மேலே நிறுவப்பட வேண்டும். அதற்கெனத் தனி மின்வழி வேண்டும். காற்றோட்டத்தைத் திசைதிருப்பும் ஏற்பாடும் வேண்டும். மீத்தேன் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் வெடிக்கும் என்றாலும், 1.25 சதவீதத்தை எட்டும்போதே ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. இந்த விதிகள் நிர்வாகத்தின் கருணையால் பிறந்தவையல்ல. 1965இல் தோரியில் 268 பேர், 1973இல் ஜீத்பூரில் 48 பேர் வெடிவிபத்துகளில் மாண்டனர். விதிகள் இருந்தும் 2006இல் பாட்டிஹ் சுரங்கத்தில் 50 பேர் மாண்டனர். அங்கே மரணம் ஒரே நொடியில், அனைவர் கண்முன்னும் நிகழ்கிறது.

ஆலை விசிறி கொல்வது அப்படியல்ல. குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் வேலைக்குச் சென்றார்கள். சில மாதங்கள் தூசியில் நின்றார்கள், ஊர் திரும்பினார்கள், சிலிக்கோசிஸ் நோயால் மூச்சுத்திணறி ஒவ்வொருவராக இறந்தார்கள். இறந்தது வீட்டுக் கட்டிலில், வேறொரு மாநிலத்தில். எந்த ஆலையின் விபத்துப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. அதைக் கொடுக்கச் செய்ய 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. தூசி எழும் இடத்திலேயே அதை இழுத்து வெளியேற்றும் விசிறியும் குழாயும் ஒழுங்காக இயங்கியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறவேண்டும் என்ற போராட்டம் தொடர்ந்தாக வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத கோரிக்கைகளும் உள்ளன. அவற்றை ஆலை வாயிலிலேயே இன்று எழுப்பலாம். நிரந்தரத் தொழிலாளியோ ஒப்பந்தத் தொழிலாளியோ, விசிறிக்குள் கைவைப்பவரின் பெயரில் ஒரு பூட்டு வேண்டும். அதன் ஒரே சாவி அவரிடமே இருக்க வேண்டும். பழுதுபார்ப்புக்காக விசிறி நிற்கும் நேரத்தில் அந்தப் பிரிவின் வேலையும் கூலி இழப்பின்றி நிற்க வேண்டும். ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் அளந்த காற்றின் வேகம், பழைய அளவின் பக்கத்திலேயே, அந்தப் பிரிவின் பலகையில் தொழிலாளர் படிக்கும் மொழியில் எழுதி மாட்டப்பட வேண்டும். அடுத்த கூட்டுப் பேர ஒப்பந்தத்தில் போனஸ், பஞ்சப்படிக்கு அடுத்த வரியில் இவற்றை எழுதுமாறு சங்கத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.