மஞ்சள் பைக்குள் ஒரு வாழ்க்கை

நவம்பர் வந்தால் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்காக அலைகிறார்கள். கையில் மஞ்சள் பை; அதற்குள் ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் ஒன்றாக. திருடனுக்கு அது போதும். கேட்டவருக்கெல்லாம் முழு ஆதாரை நீட்டாதீர்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே பல இடங்களில் செல்லும். ஜெராக்ஸின் குறுக்கே எதற்குக் கொடுத்தது என்று தேதியோடு எழுதுங்கள். எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி, தேவைப்படும்போது மட்டும் திறங்கள். ‘பென்ஷன் நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள்’ என்று யார் மிரட்டினாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போனால் கூச்சப்படாமல் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக இதைச் சொல்லிக்கொடுங்கள். அவருக்கு நாம் செய்யவேண்டிய காவல் இது.