ஓர் எச்சரிக்கை, இரு காரணங்கள்

"கிரகணத்தைப் பார்க்காதே" என்னும் எச்சரிக்கையை இந்தியக் குழந்தை இரண்டு இடங்களிலிருந்து கேட்கிறது. வீட்டார் சொல்லும் காரணம் தீட்டு. கண் மருத்துவர் சொல்லும் காரணம் விழித்திரை. இவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டிய பள்ளிகளுள் பல, அன்று கதவைச் சாத்திவிடுகின்றன.

இப்பழக்கம் புதிதன்று. 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியே சென்றபோது பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணத்தைக் காணக் கோவையிலும் திண்டுக்கல்லிலும் மாணவர்கள் வெளியே வந்தனர். மாற்றம் உண்மையே, ஆனால் அது முழுமை பெறவில்லை.

காரணம் சொல்லாத தடையில் ஓர் ஆபத்து உண்டு. கிரகண நேரத்தில் உண்டும் தீங்கு நேராததைக் காணும் சிறுவன், கண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் கட்டுக்கதை என்றே ஒதுக்கக்கூடும். கிரகணத்தன்று புதிய நச்சுக்கதிர் எதுவும் வருவதில்லை. மற்ற நாள்களில் கூச்சத்தால் கண் தானே விலகிக்கொள்கிறது. அன்று மங்கிய ஒளியும் ஆர்வமும் உற்றுநோக்கத் தூண்டுகின்றன. விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் இல்லை. பார்வையின் நடுவே படியும் மங்கல், பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தெரியவருகிறது.

ஆகவே கற்பிக்க வேண்டியது பார்க்கும் முறையை. புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படலம், குளிர்கண்ணாடி, சாணநீரில் தெரியும் பிம்பம் ஆகிய எவையும் பாதுகாப்பானவை அல்ல. ஐஎஸ்ஓ 12312-2 தரத்துக்கு உட்பட்ட, கீறலற்ற சூரிய வடிகட்டிக் கண்ணாடியே நேரடியாகப் பார்ப்பதற்கு உரியது. அது இல்லாத பள்ளிக்கு ஓர் அட்டையும் ஊசியும் போதும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே தரையில் விழும் பிறை வடிவப் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். துளை வழியே சூரியனைப் பார்க்கலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரத்தடியில் இலை இடுக்குகளும் இப்பாடத்தையே நடத்தும்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. அன்று இந்தியாவின் பல பகுதிகளில் பகுதிக் கிரகணம் தெரியும். அதுவும் பள்ளி விடும் பிற்பகல் வேளையை ஒட்டி. வகுப்பறைக் கதவைச் சாத்தினாலும் வீடு திரும்பும் வழியில் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அதற்கு முன்பே அக்குழந்தைக்குக் காரணமும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அதற்கான பாடத்தை இப்போதே தொடங்குவது நல்லது.