வளர்ச்சியா, வளர்ப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி நோட்டும் பேனாவுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 'புரொமோட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அதே பொருள் தரும் ஐந்து சொற்களை எழுதி வரச் சொல்லியிருந்தார்களாம். "தாத்தா, நீங்க கவர்ன்மென்ட்ல இருந்தவர்தானே, சொல்லுங்க" என்றாள்.

எழுத்தராக முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்: பதவி உயர்வு. முதுநிலைப் பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கிறது, மேலே இருப்பவர் எப்போது ஓய்வு பெறுவார் என்று விரல் விட்டு எண்ணிய காலம் அது. இருந்தாலும் ஃபாஸ்டர், நர்ச்சர், என்கரேஜ், டெவலப், அட்வான்ஸ் என்று ஐந்தையும் சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குத்தான் அன்று மதியத் தூக்கம் போயிற்று. ஐந்தும் ஒன்றுதானா?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'எல்வே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. உயர்த்துவது என்று பொருள். பிள்ளையை ஆளாக்குவதற்கும் அதுதான், ஆடுமாடு வளர்ப்பதற்கும் அதுதான். மாணவனை அவர்கள் 'எலேவ்' என்று அழைப்பதும் அந்த வினையிலிருந்து பிறந்ததே. ஒருவன் எலேவ் என்றால் அவனை ஆளாக்க ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

நம் தமிழ் இதை இன்னும் துல்லியமாகப் பிரித்துவிடுகிறது. செடி வளர்கிறது; நான் செடியை வளர்க்கிறேன். ஒரு 'க்' வந்ததும் ஆள் வந்துவிடுகிறான். தானாக வளர்வது வளர்ச்சி. ஒருவர் பக்கத்தில் இருந்து செய்வது வளர்ப்பு. பையன் தப்பு செய்தால் "வளர்ப்பு சரியில்லை" என்று ஊர் பெற்றோரைச் சொல்லும். "வளர்ச்சி சரியில்லை" என்றால் சத்து மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். வளர்ப்பில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். வளர்ச்சியில் யாரும் இல்லை.

இப்போது அரசாங்கப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஊரக வளர்ச்சித் துறை, தமிழ் வளர்ச்சித் துறை, 1965-இல் வந்த டிட்கோவின் பெயரில் தொழில் வளர்ச்சி. 1971-இல் தொடங்கிய சிப்காட்டின் ஆங்கிலப் பெயரில் நடுவே நிற்கும் 'பி' என் பேத்தி கேட்ட அதே 'புரொமோஷன்'தான். அதைத் தமிழில் முன்னேற்றம் என்றும் மேம்பாடு என்றும் எழுதுகிறார்கள். வளர்ப்பு என்று எழுதுவாரில்லை.

எங்கள் ஓசூர்ப் பக்கத்துக்குப் பழக்கமான உதாரணம் பட்டு. அலுவலகத்தின் பெயர் பட்டு வளர்ச்சித் துறை. விவசாயி வீட்டில் நடப்பது பட்டுப்புழு வளர்ப்பு. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் முன்பு புழு வளர்த்தவர். புழு இலை தின்னும் அந்த இருபத்தைந்து நாளும் கல்யாணம், கருமாதி எதற்கும் வெளியூர் போகமாட்டார். நாலு முறை தோலுரிக்கும். அந்த நேரத்தில் இலை போடக் கூடாது. கடைசியில் இலையை விட்டுக் கூடு கட்டத் தயாராகும். அதைப் பார்த்துத் தட்டை மாற்ற வேண்டும். எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று அறிந்திருப்பதுதான் வளர்ப்பு.

உத்தனப்பள்ளிக்குத் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனே ஆலை வேலைக்காக வந்தவன். அவன் பின்னால் வந்தவன் நான். பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு எத்தனையோ பெண் பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்கினார்கள். அதைக் குறைத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் 2023-இல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சுமார் 3,000 ஏக்கரைப் புதிய சிப்காட்டுக்கு எடுக்கக் கூடாது என்று விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தைக் கடந்து போனபோதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றியது. "வளர்ச்சி வருகிறது" என்கிறோம், மழை வருகிறது என்பதுபோல. மழையை யாரும் கேள்வி கேட்க முடியாது. "இன்னார் இன்னதை வளர்க்கப் போகிறார்" என்று எழுதிப் பாருங்கள். யாரை, எதைக் கொடுத்து, யாருடைய நிலத்தில் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய கோப்பில் கையெழுத்துப் போடலாம். பதில் இல்லாத கோப்பு நகரக் கூடாது. இது ஒரு பழைய எழுத்தனின் கருத்து.

மறுநாள் மாலை அந்தப் பட்டுக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், சம்பந்தி வீட்டில் கன்னடம். "சார், கன்னடத்துல வளர்க்கறதுக்கு 'ஸாக்கு'ன்னு சொல்வாங்க. வளர்ப்புத் தாய்க்கு 'ஸாக்குதாயி'. அதே ஸாக்குக்கு 'போதும்'னும் அர்த்தம் இருக்குது" என்றார்.

இரண்டும் ஒரே வேரா என்று பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அது போதும். பேத்தியைக் கூப்பிட்டு, ஐந்து சொல்லுக்குக் கீழே ஆறாவதாக 'வளர்ப்பு' என்று தமிழில் எழுதிக்கொள் என்றேன். "அஞ்சுதான் கேட்டாங்க தாத்தா, மார்க் தரமாட்டாங்க" என்றாள். பரவாயில்லை, எழுதிவை என்றேன். எழுதினாள்.