நம் மண்ணின் பூக்கள் நம் துணியில் மலரட்டும்

திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு என எந்தப் பூப்போட்ட துணியை விரித்தாலும் நம் கடைகளில் பெரும்பாலும் ரோஜாவும் டூலிப்பும்தான். "வாடிக்கையாளர் அதைத்தானே கேட்கிறார்?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வேறொன்றை எடுத்துக் காட்டாதபோது அவர் வேறு எதைக் கேட்பார்?

பூத்துணி வாணிகம் நமக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பில் எழுதப்பட்ட பூத்துணிகள் கப்பலேறி ஐரோப்பாவில் நல்ல விலைக்குப் போயின. உள்நாட்டு நெசவுக்கு ஆபத்து என்று பிரான்சு 1686-இல் இத்தகைய துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721-இல் பூ அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்தவே தடை போட்டது. அத்தகைய சரக்கு அனுப்பிய நாம், இன்று பிறர் கேட்லாக்கைப் பார்த்து நகல் எடுக்கலாமா?

நமக்குப் பூவுக்கா பஞ்சம்? மாநில மலரான செங்காந்தளின் இலை நுனி சுருண்டு கொடியாகப் பற்றும்; ஒரு பூவை அடுத்த பூவோடு இணைக்க அதுவே போதும். சரக்கொன்றை தொங்கும் பூ, திரைச்சீலைக்கென்றே அமைந்தது. பனையோலையின் விசிறி மடிப்பு சோபா உறைக்குப் பொருந்தும். ஸ்கிரீன் அச்சில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். கொன்றைக்கு மஞ்சள், பச்சை, பழுப்பு என மூன்றே போதும், செலவு கட்டுப்படும். முதலில் டிஜிட்டல் அச்சில் சில மீட்டர் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புது டிசைனைக் கடையில் தொங்கவிடும் முன்பே, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியிட்டுவிட்டால் அது புதியதல்ல என்று பதிவு மறுக்கப்படும். பதிவு 10 ஆண்டு செல்லும். மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதியத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டால், இயந்திர முறையில் 50 பிரதிக்கு மேல் போனதும் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். பிறகு பக்கத்துக் கடைக்காரர் அதையே அச்சிட்டு மலிவாக விற்றாலும் நாம் வாய்மூடி இருக்க வேண்டியதுதான். கொன்றைப்பூ எல்லோருக்கும் பொது. அதை நாம் வரைந்த விதம் மட்டுமே நமக்குச் சொந்தம்.

தனித்துச் செய்யத் தயங்குவோர் இரண்டு மூன்று கடைகளாகச் சேர்ந்து ஓவியருக்கான கூலியையும் பதிவுச் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். எல்லோரிடமும் ஒரே சரக்கு இருந்தால் போட்டி விலையில்தான் நடக்கும், இலாபம் தேயும். நம்மிடம் மட்டுமே கிடைக்கும் சரக்குக்கு நாமே விலை சொல்லலாம். அடுத்த பண்டிகைக் கொள்முதலுக்குள் ஒவ்வொருவரும் ஒரு டிசைனாவது முயல்வோம்!