20 கிலோ சர்வோ 20 கிலோவைத் தூக்காது!

இறுதியாண்டு ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டால் போதும், சென்னை ரிச்சி தெருவில் பொறியியல் மாணவர்களின் கூட்டம் அலைமோதும். "அண்ணா, பத்து கிலோ சர்வோ வேணாம், இருபது கிலோ இருந்தா கொடுங்க" என்பார் ஒருவர். "முப்பத்தஞ்சு கிலோவே இருக்கு தம்பி" என்பார் கடைக்காரர். பணம் கைமாறும். ரோபோ கைக்குப் பலமான மோட்டார் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் எல்லோரும் பஸ் ஏறுவார்கள். கிலோ கணக்கில் கேட்டு வாங்க சர்வோ மோட்டார் என்ன பொன்னி அரிசியா?

இரண்டு மாதம் கழித்து அதே ரோபோ கை மேஜை மேல் நடுங்கிக்கொண்டு நிற்கும். அரை கிலோ எடையைத் தூக்கத் திணறும். தூக்கினாலும் சில நிமிடங்களில் கருகல் வாசனை வரும். உடனே பழி மோட்டார் மேல் விழும், சைனா சரக்கு என்று திட்டு விழும், இல்லாவிட்டால் ப்ரோகிராம் எழுதியவனின் தலை உருளும். உண்மையான குற்றவாளியை மட்டும் யாரும் தேடுவதில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு பெருக்கல் கணக்குதான் அந்தக் குற்றவாளி!

முதலில் அந்த 20 கிலோ என்பது கிலோவே அல்ல. கிலோ-செ.மீ. என்பதன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறார்கள். மோட்டார் அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 20 கிலோ என்று அதற்குப் பொருள். 10 செ.மீ. தள்ளிப் போனால் 2 கிலோ. 30 செ.மீ. தள்ளிப் போனால் வெறும் 660 கிராம் சொச்சம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடக்கும் பெண்ணிடம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த இயற்பியல் நாலு வருடம் பொறியியல் படித்தவருக்கு மறந்துபோகிறது.

சரி, அந்த 660 கிராமாவது தூக்குமா என்றால் அதுவும் இல்லை. லேபிளில் இருப்பது ஸ்டால் டார்க். அதாவது, மோட்டார் திணறித் திணறிக் கடைசியில் சுற்ற முடியாமல் நின்றுபோகும் இடம். ஒரு மனிதன் மயங்கி விழும்போது தலையில் இருந்த மூட்டையின் எடையை, அவன் தினமும் சுமக்கும் எடை என்று எழுதி ஒட்டுவது போன்றது இது! மாணவர்கள் அதிகம் வாங்கும் எம்ஜி 996 ஆர் சர்வோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ., 4.8 வோல்ட்டில் 9.4 என்பது அதன் டேட்டாஷீட் கணக்கு. அது நின்றுபோகும்போது இழுக்கும் மின்சாரம் 2.5 ஆம்பியர். 6 வோல்ட்டும் 2.5 ஆம்பியரும் சேர்ந்தால் 15 வாட். அச்சு சுற்றாதபோது அந்த 15 வாட்டும் வெப்பமாகத்தான் மாற வேண்டும். லேபில் இருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். 55 கிராம் எடையுள்ள ஒரு மூடிய பெட்டிக்குள் பாதி சால்டரிங் அயர்னை எரிய விட்டால் கருகாமல் என்ன செய்யும்?

இப்போது அந்தப் போடாத கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. நீளமுள்ள கை, நுனியில் அரை கிலோ எடை. கை கிடைமட்டமாக நீண்டிருக்கும் நிலைதான் மோசமான நிலை. எடைக்கு மட்டும் 15 கிலோ-செ.மீ. கையின் சொந்த எடை 400 கிராம், அது நடுவில் 15 செ.மீ.யில் இருப்பதாகக் கொண்டால் இன்னும் 6. முழங்கை மூட்டில் இருக்கும் சர்வோவுக்கு ஒரு 1. ஆக மொத்தம் 22. இது சும்மா தாங்கி நிற்க மட்டும். ஓய்விலிருந்து மேலே கிளப்ப அதற்கும் மேல் வேண்டும். ஸ்டால் டார்க்கில் பாதியைத் தாண்டாமல் வேலை வாங்க வேண்டும், நீண்ட நேரம் தாங்கி நிற்க வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தோள் மூட்டுக்குத் தேவை 44 முதல் 66 கிலோ-செ.மீ. கடையில் வாங்கியதோ 20! இதில் ப்ரோகிராமைத் திருத்தி என்ன பயன்?

கடைக்காரர் காட்டும் 35-ஐ வாங்கினால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. தொழிற்சாலைகளில் ஓடும் 400 வாட் ஏசி சர்வோ மோட்டாரின் ரேட்டட் டார்க் 3000 ஆர்பிஎம்மில் 1.27 நியூட்டன் மீட்டர். கிலோ-செ.மீ.யில் சொன்னால் சுமார் 13. அட, சில நூறு ரூபாய் எம்ஜி 996 ஆரும் 11 என்கிறதே, இரண்டும் ஒன்றா? இல்லை. டார்க்கோடு வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால்தான் திறன். எம்ஜி 996 ஆர் 60 டிகிரி திரும்ப 0.14 வினாடி எடுக்கிறது, அதுவும் சுமை இல்லாதபோது. ஸ்டால் டார்க்கில் பாதி, வேகத்தில் பாதி என்று கணக்கிட்டால் அது தரக்கூடிய அதிகபட்சத் திறன் ஏறக்குறைய 2 வாட். ஒரு பக்கம் 2 வாட், மறுபக்கம் நாள் முழுக்கத் தளராத 400 வாட். அந்த 400 வாட் மோட்டாருக்கு 1:20 கியர்பாக்ஸ் மாட்டினால், உராய்வில் போவது போக 230 கிலோ-செ.மீ.க்குக் குறையாமல் கிடைக்கும். டார்க் எண்ணை மட்டும் பார்த்துப் பலசாலி எது என்று தீர்மானிப்பது, மீசையைப் பார்த்து மல்யுத்த வீரனைத் தேர்ந்தெடுப்பது போலத்தான்.

இன்னொரு கொடுமை மின்சாரம். ஆறு சர்வோக்களையும் ஆர்டுவினோ போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே சொருகிவிடுகிறார்கள். யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்துக்கு அந்த போர்டில் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. ஆறு சர்வோவும் ஒரே நேரத்தில் திணறினால் கேட்பதோ 15 ஆம்பியர். வோல்ட்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், கை உதறும், மறுபடி ரீசெட் ஆகும். உடனே விடிய விடிய கோடிங்கில் பிழை தேடுவார்கள். தனி பவர் சப்ளை வைத்து, கிரவுண்டை மட்டும் போர்டோடு பொதுவாக இணைத்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

"மாணவனிடம் காசு ஏது? பெரிய மோட்டாருக்கு எங்கே போவான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் போடக் காசு வேண்டாமே! ரயில்வே கேட்டைப் பார்த்ததில்லையா? அவ்வளவு நீளக் கம்பத்தை ஓர் ஆள் எளிதாக உயர்த்துவது, குட்டையான பின்பக்கத்தில் தொங்கும் எடையால்தான். நம் ஊர்க் கிணறுகளில் துலா மரத்தின் பின்னால் கல் கட்டினார்களே, அதே உத்தி. அதே ரோபோ கையில் தோள் மூட்டுக்குப் பின்னால் 10 செ.மீ. தூரத்தில் ஒன்றரை கிலோ எடையைக் கட்டினால் 15 கிலோ-செ.மீ. எதிர்ப்பக்கம் சேரும். சுமையோடு இருக்கும்போது 22-இல் 15 போக மீதி 7. சுமை இல்லாதபோது கையின் சொந்த எடையான 7-க்கு எதிராக 15, வித்தியாசம் 8. ஆக எந்த நிலையிலும் மோட்டார் தாங்க வேண்டியது 8-ஐத் தாண்டாது. முதலில் வாங்கிய அதே 20 கிலோ-செ.மீ. சர்வோவே போதும்! எடை கூடுவதால் கையைக் கொஞ்சம் மெதுவாக அசைக்க வேண்டும், அவ்வளவுதான். கையின் பாரம் சர்வோவின் அச்சிலேயே உட்காராமல் ஒரு பேரிங்கில் உட்கார்ந்தால் கியரும் பிழைக்கும்.

இதையெல்லாம் யார் கேட்க வேண்டும்? ரிவ்யூவில் உட்காருபவர்கள் கேட்க வேண்டும். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி "வொர்க் ஆகுதா?" என்பது ஒன்றுதான். எக்ஸ்டர்னல் முன்னால் ஒரு தடவை தூக்கிக் காட்டினால் மார்க். இரண்டாவது தடவை தூக்குமா என்று கேட்பாரில்லை. மாணவனும் அந்த ஒரு தடவைக்காகவே மோட்டார் வாங்கப் பழகிவிடுகிறான்.

மேஜை மேல் இருக்கும் பொம்மைக் கையோடு இது முடிந்தால் பரவாயில்லை. அதே மாணவன்தான் நாளை ஒரு தொழிற்சாலையில் 50 கிலோ இரும்பை மேலே தூக்கும் இயந்திரத்துக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கப் போகிறான். அங்கே கேடலாக்கில் ரேட்டட் டார்க், பீக் டார்க் என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும். பீக் என்பது பொதுவாக ரேட்டடைப் போல மூன்று மடங்கு வரை போகும், ஆனால் சில வினாடிகளுக்கு மட்டும். பெரிய எண்ணையே பார்த்துப் பழகிய கண் எதைப் பார்க்கும்? கரண்ட் போனால் சர்வோ மோட்டார் சுமையைப் பிடித்து நிற்காது. செங்குத்தாகத் தூக்கும் வேலைக்குப் பிரேக் உள்ள மாடல் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றுமா? தோன்றாவிட்டால் அந்த 50 கிலோவுக்குக் கீழே நிற்பது ஒரு தொழிலாளி.

ஆகவே கல்லூரிகள் ஒரே ஒரு விதி போடட்டும். எடை எவ்வளவு, தூரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் தாங்க வேண்டும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நாலு வரியில் எழுதிக் காட்டாத எந்த ரோபோவுக்கும் மார்க் கிடையாது. அந்த நாலு வரியை எழுதியவன் ரிச்சி தெருவுக்குப் போனால் "எத்தனை கிலோ இருக்கு?" என்று கேட்க மாட்டான். "டேட்டாஷீட் இருக்கா அண்ணா?" என்றுதான் கேட்பான்.